ஒன்றிலிருந்து எண்ணுங்கள் அய்யா

அன்புள்ள அய்யாவுக்கு, மஸ்கட்டிலிருந்து உங்கள் மகள் பிரெசில்லா. நான் சுகம். உங்கள் நெஞ்சுப் படபடப்பு எப்படி இருக்கிறது?

நேற்று வார்டில் ஒரு பெரியவருக்கு மாத்திரை கொடுக்குமுன் நாடி பிடித்தேன். "கட்டிப்போட்ட வல்லமா நெஞ்சு ஆடுது தாயி" என்பீர்களே, அதே ஆட்டம். விரலுக்கடியில் பாம்பன் கரையும் நம் வல்லமும் மெல்ல அசைந்தன. எண்ணிக்கை விட்டுப்போய் மறுபடி எண்ணினேன். பெரியவர் சிரித்தார்.

கடலுக்குப் போனதால் விட்டுப்போன மாத்திரைகளை, கரைக்கு வந்ததும் சேர்த்துப் போட்டீர்களாம்; அம்மா சொன்னாள். இனி வேண்டாம், நாடி ஒரேயடியாக இறங்கிவிடும். மாத்திரைக்கு முன் ஒரு நிமிடம் நாடியை எண்ணுங்கள். அறுபதுக்குக் குறைந்தால் போடாமல் டாக்டரைக் கேளுங்கள்.

சத்தமாக எண்ணி வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். டியூட்டிக்கு ஓடுகிறேன். கடைசி எண்ணை மட்டும் சொல்லிவிடாதீர்கள் அய்யா, ஒன்றிலிருந்து கேட்க வேண்டும்.

பிரெசில்லா