காணாமல் போகாத ஆயில் குச்சி

ஏங்க,

இன்ஜினை அறிந்தவனை எவனாலும் ஏமாற்ற முடியாது என்று நேற்று சாயங்காலம் கார் நிறுத்துமிடமே அதிர முழங்கினீர்கள். உங்களை யாரும் ஏமாற்றவில்லை. ஆயில் அளக்கும் குச்சியை வாட்ச்மேன் திருடவும் இல்லை. நம் புதுக் காரில் அந்தக் குச்சியே கிடையாது. காரோடு கொடுத்த புத்தகத்தில் போட்டிருக்கிறது. உறையைப் பிரித்து நான்தான் படித்தேன்.

இந்த வண்டியைச் சமதரையில் நிறுத்தி, இன்ஜின் நன்றாகச் சூடானதும் அணைத்துவிட்டு, சில நிமிடம் பொறுத்து, ஸ்டியரிங்குக்கு எதிரே இருக்கும் திரையில் ஆயில் அளவைப் பார்க்க வேண்டுமாம். காலையில் பார்த்தேன், நிறைவாக இருக்கிறது. வாங்கி வந்த ஆயிலை வீம்புக்கு ஊற்றிவிடாதீர்கள். அதிகமானாலும் கெடுதலாம்.

வாட்ச்மேன் மத்தியானத்தோடு வேலையை விட்டு நிற்கப்போகிறாராம். "எனக்குக் காரே ஓட்டத் தெரியாது. அந்தக் குச்சியை வச்சுக்கிட்டு நான் என்னம்மா பண்ணப்போறேன்?" என்று கேட்டார். அவர் கிளம்புவதற்குள் கீழே போய் மன்னிப்புக் கேளுங்கள். தொண்டையைச் செருமிக்கொண்டு பிரசங்கம் செய்ய வேண்டாம். "தப்பு என்னுதுதான்" என்றால் போதும்.

சாப்பாடு அடுப்பு மேல் இருக்கிறது. கோபம் இருந்தாலும் உங்களுக்குப் பிடித்த மாதிரிதான் செய்திருக்கிறேன். கார் சாவி என்னிடம்.

இன்னொன்று, எழுத மறந்துவிட்டேன். நேற்று உங்களுக்குப் பானெட்டைத் திறந்து கொடுத்ததே அவர்தானாம்.