அப்பாவுக்கு ஏறிப்போன திராட்சரசம்

பண்ணைக்காடு,
12 நவம்பர் 1934

என் செல்ல மகன் சற்குணத்துக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கே நாங்களும் கோழிகளும் அப்பாவின் மட்டக்குதிரையும் சுகமாக இருக்கிறோம், ரங்கூனில் நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பயப்படாதே, சிரிப்பை அடக்க முடியாமல் எழுதுகிறேன்.

முதலில் பெரிய சேதி. சபை மாநாட்டில் பிஷப் துரை அப்பாவை நம் ஜில்லாச் சபைகளுக்கெல்லாம் சூப்பிரண்டெண்டாக நியமித்துவிட்டார்! இருபது வருஷமாக ஆடலூருக்கும் பண்ணைக்காட்டுக்கும் மழையிலும் அட்டைக்கடியிலும் அலைந்து, காப்பித்தோட்டந்தோறும் ஜெபக்கூட்டம் நடத்தி, இரண்டு சாராயக்கடையை மூடவைத்த மனுஷர், இதுவரை வெள்ளைக்காரரே உட்கார்ந்த நாற்காலியில் உட்காரப் போகிறார். எனக்குத் தலைகால் புரியவில்லை, பஜார் முழுக்கச் சொல்லிவிட்டேன். மளிகைக்கடை சேக் பரீது ராவுத்தர், குடிக்காத பாதிரி ஐயருன்னா அவரு எங்காளு மாதிரிங்க என்று சொல்லி ஒரு பொட்டலம் கிஸ்மிஸ் சும்மாவே கொடுத்தார். ஆனால் உள்ளுக்குள் எனக்கு ஒரு பயம். ஆபீஸ் விருந்தில் ஒரு கிளாஸ் ஒயின் குடித்ததை நீ மறைக்காமல் எழுதிய நாளிலிருந்து அவர் உனக்கு ஒரு வரி எழுதவில்லை, வீட்டில் உன் பேரையும் எடுப்பதில்லை. பதவியும் வந்துவிட்டால் இன்னும் கல்லாகிவிடுவாரோ என்று இருந்தது.

அந்தக் கிஸ்மிஸைத்தான் கோவிலில் திருவிருந்துக்கு வேகவைத்துப் பிழிந்து புட்டியில் அடைத்தேன், நம் மெதடிஸ்டு சபையில் ஒயினுக்குப் பதில் புளிக்காத ரசம்தானே. பார்த்தால் மழையில் மலைப்பாதை சரிந்து, கீழே இறங்கிப் போன அப்பா வத்தலக்குண்டிலேயே மாட்டிக்கொண்டார், ஆராதனை தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. குளிரில் ரசம் கெட்டுவிடக் கூடாதே என்று புட்டியை அடுப்புப் பக்கத்தில் வைத்துக் கைக்குழந்தையைப் போலப் பார்த்துக்கொண்டேன். தக்கை தெறித்துத் தெறித்து விழுந்தது, துணியைச் சுற்றி இறுக்கிக் கட்டினேன். நுரையைப் பார்த்து, ராவுத்தர் உயர்ந்த பழமாகத்தான் கொடுத்திருக்கிறார் என்று சந்தோஷப்பட்டேன். குடியின் வாடையே தெரியாத குடும்பத்தில் பிறந்து அப்படிப்பட்ட குடும்பத்திலேயே வாழ்க்கைப்பட்டவள், எனக்கு என்னடா தெரியும்?

மழைக்குப் பயந்து கோவிலுக்குப் பத்துப் பதினைந்து பேர்தான் வந்தார்கள், ரசம் நிறைய மிஞ்சிவிட்டது. ஜெபித்து வைத்ததைக் கொட்டக் கூடாது என்பதில் அப்பா எவ்வளவு கண்டிப்பு என்று உனக்குத் தெரியும், முழங்காலில் நின்று மிச்சம் அத்தனையையும் அவரே குடித்து முடித்தார். காரமாக இருக்கிறதே, இஞ்சி போட்டாயா என்று வேறு கேட்டார். திரும்பி வரும்போது குதிரையின் காதில் கீர்த்தனை பாடினார், ஒன்று முடிந்ததும் அடுத்தது, மூன்று பாட்டு! இதுவரை இல்லாத வழக்கமாக எனக்குக் குடை பிடித்தார், குடை மட்டும் என் தலைக்கு நேராக வரவில்லை. காட்டில் தேன் எடுக்கிற நம் சபை மாயக்காள் பின்னால் வந்தவள், ஐயரம்மா, ஐயருக்கு ஏறிப்போச்சுங்க, வெரசா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க என்றாளே, அப்போதுதான் ரசம் புளித்து ஒயினாகிப் போனது எனக்கு உறைத்தது. வீட்டில் சோற்றைப் போட்டால் அங்குமிங்கும் பார்க்கிறார். சற்குணம் எங்க, அவனுக்குத் தட்டு வைக்கலையா, பிள்ளை பசி தாங்க மாட்டானே என்று கேட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுதார். கையில் அகப்பையோடு நானும் அழுதேன்.

தூங்கி எழுந்தபின் விஷயத்தைச் சொன்னேன், இடிந்துபோய் உட்கார்ந்தார். பிஷப் காதுக்குப் போனால் பதவி போய்விடும், மாயக்காள் வாயைத் திறக்க மாட்டாள், நாமும் பேசாமல் இருப்போம் என்று கெஞ்சினேன். ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை மனுஷர். நேற்று ஆராதனையில் பிரசங்கத்தை நிறுத்திவிட்டு நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார், பிஷப்புக்கும் எழுதப் போவதாகச் சொன்னார். பெண்கள் பக்கமிருந்து மாயக்காள், அதுக்கென்னங்கய்யா, பாட்டு நல்லாத்தான இருந்துச்சு என்றாள் பார், கோவிலே சிரித்தது, அப்பாவும் பீடத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிஷப் என்ன சொல்வாரோ தெரியாது, சொல்லிக்கொள்ளட்டும், எனக்கு இப்போது கவலையில்லை. ஏனென்றால் வீட்டுக்கு வந்து அவர் சொன்னது இதுதான்: உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆச்சு, அவன் மறுநாளே எழுதிட்டான், அதுக்குப் போயி அவனைத் தண்டிச்சேனே, அவனுக்கு எழுது, கீழ எனக்கும் கொஞ்சம் இடம் விடு.

இடம் விட்டிருக்கிறேன். கிறிஸ்துமஸுக்கு ஆபீசில் இப்போதே லீவு கேள், கப்பலில் ஈரக்காற்றில் படுக்காதே, கம்பளிச் சட்டையை மறக்காதே, இங்கே குளிர் எலும்பைத் துளைக்கிறது. போக்கிலும் வரத்திலும் கர்த்தர் உன்னைக் கண்ணின் மணிபோல் காப்பாராக.

உன் அன்புத் தாய்,
அன்னபாக்கியம்

மகனே, உன் அம்மா எதையும் கூட்டித்தான் எழுதுவாள். நான் பாடியது ஒரே பாட்டு. என்னை மன்னித்து வீட்டுக்கு வா.
அப்பா