என் முகத்துக்கு உன் குரல்

குளச்சல்,
ஜனவரி 9

அன்புள்ள ரெஜிஷாவுக்கு,

பிரீனா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். நீயும் ஜெபிஷும் சுகமா என்று கேட்கத்தான் எழுத உட்கார்ந்தேன் என்றால் அது பொய். ஒரு காரியம் இருக்கிறது. போனில் கேட்டிருக்கலாம். ஆனால் போனில் நீ சென்னைக்காரியாகப் பேசுவாய், நான் குளச்சல்காரியாகப் பேசுவேன்; யார் எவ்வளவு மாறிவிட்டோம் என்று பார்ப்பதிலேயே பேச்சு தீர்ந்துவிடும். எழுத்தில் நம் இருவருக்கும் ஒரே தமிழ்தான்.

முதலில் இங்கத்திய செய்தி. ஷாஜன் அண்ணனின் கேபிள் சேனலில்தான் இன்னும் இருக்கிறேன். மீன் விலை, மரண அறிவிப்பு, கோவில் திருவிழா, மின்தடை எல்லாம் வாசிக்கிறேன். போன ஓணம் கழிந்த ஞாயிறு முதல் ‘மௌன மதியம்’ என்று ஒரு நிகழ்ச்சி நடத்துகிறோம். நூறு வருஷத்துக்கு முந்தைய பேசாத படங்கள். அண்ணன் இதைத் தொடங்கியதற்குக் கலை ஆர்வம் காரணமில்லை. உரிமைக் காலம் முடிந்த படங்கள், யாரிடமும் கேட்க வேண்டாம், டப்பிங்கும் வேண்டாம். அவ்வளவுதான்.

முதல் ஞாயிறு போன் அடித்துக்கொண்டே இருந்தது. “எங்க வீட்டு டிவியிலதான் சவுண்டு இல்லியா, எல்லா வீட்டுலயும் இல்லியா?” என்று ஒரே கேள்வி. படத்தில் வந்தவர்கள் கோழி ஓடுவதுபோல ஓடினார்கள். பிறகுதான், அந்தக் காலத்துப் படங்களைக் கொஞ்சம் மெதுவாக ஓட்ட வேண்டும் என்று அண்ணன் எங்கோ கேட்டுவந்து வேகத்தைக் குறைத்தார். அடுத்த வாரம் அதே ஆட்கள் மனிதர்களாக நடந்தார்கள். நடுவில் வரும் ஆங்கில எழுத்து அட்டைகளுக்குப் பதிலாக நான் தமிழில் எழுதிப் போட்டேன். கோவில் பாடகர் குழுவில் கீபோர்டு வாசிக்கும் எபிசன், ஓடும் படத்தைப் பார்த்துக்கொண்டே வாசிக்கிறான். அழுகைக் காட்சி என்றால் அவனுக்கு அடக்க ஆராதனைப் பாட்டுதான் கைக்கு வரும். யாரும் குறை சொல்லவில்லை.

மாதத்துக்கு ஒரு நட்சத்திரம் என்று வைத்தோம். படத்துக்கு முன்னால் அவர்கள் யார், எங்கே பிறந்தார்கள், என்ன ஆனார்கள் என்று நான் கொஞ்சம் பேசுவேன். படம் முடிந்தபின் இரண்டு வார்த்தை. பெரிதாக எதிர்பார்க்கவில்லை. ஆனால் பார்த்தார்கள். ஐஸ் பிளாண்டில் இயந்திரச் சத்தத்தில் எந்த டிவியும் கேட்காது. அங்கே இது பொருந்திப் போயிற்று. துறைமுகத்தில் வேலை செய்யும் ஒடிசாப் பையன்களுக்குத் தமிழ் தெரியாது. அவர்கள் ஏலக்கூடத்துக்குப் பக்கத்து டீக்கடையில் நின்றுகொண்டே பார்த்துச் சிரிக்கிறார்கள். முகம் மட்டும் திரை நிறைய வரும்போது டீக்கடையே அமைதியாகிவிடும் என்று கடைக்காரர் சொன்னார்.

உன் அம்மாவைப் பற்றி நீ கேட்கமாட்டாய். நானே எழுதுகிறேன். செசிலி மாமிக்கு முட்டுவலி உண்டு, வேறொன்றும் இல்லை. நீ வாங்கி அனுப்பிய போன் அலமாரியில் இருக்கிறது; சார்ஜ் போடுவதில்லை. உன் கல்யாணத்துக்குப் பிறகு அந்த வீட்டில் உன் பெயரை யாரும் எடுப்பதில்லை என்பது உனக்குத் தெரிந்ததுதான். ஜெபிஷ் வேறு சபைக்காரன் என்பதைவிட, நீ சொல்லாமல் போனதுதான் மாமிக்கு வருத்தம். மூன்று வருஷமாகியும் அதில் மாற்றமில்லை. ஆனால் ஞாயிறு மதியம் மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் தின்றுவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்து வாசல்படிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படம் பார்க்கிறாள். ஏன் பிடித்திருக்கிறது என்று என் அம்மா கேட்டதற்கு, “இதுல யாரும் யாரையும் ஏசமாட்டாவல்லியா” என்றாள்.

இனிக் காரியத்துக்கு வருகிறேன்.

நவம்பர் மாத நட்சத்திரம் ஐரினா வெல்டன். எங்கிருந்தோ அமெரிக்காவுக்குப் பிழைக்க வந்தவள். பேசாத படங்களில் அவளுக்கு ஈடு இல்லை. கதவைத் திறப்பதற்கு முன்னால் ஒரு நொடி நிற்பாள். அந்தப் பக்கம் இருப்பது நல்லதா கெட்டதா என்று நமக்குத் தெரிந்துவிடும். பேசும் படம் வந்தது. அவள் உச்சரிப்பைக் கேட்டுத் தியேட்டரில் சிரித்தார்கள். அடுத்த படத்தில் அவள் வாயசைக்க, வேறொரு பெண்ணின் குரலை வைத்தார்கள். அந்தப் படத்தைக் கூட்டத்தோடு உட்கார்ந்து பார்த்த ஐரினா பாதியில் எழுந்து போனாள். பிறகு நடிக்கவில்லை. பூச்செடி விதை விற்கும் கடை வைத்து அதிலேயே வயதாகிப் போனாள்.

இதை நான் பார்த்து வாசிக்கவில்லை, சும்மா சொன்னேன். கடைசியில், “குரல் கொடுத்த பெண்ணின் பெயரை நான் தேடினேன், எங்கேயும் கிடைக்கவில்லை, அவளுக்கும் ஒரு கதை இருந்திருக்கும்” என்றும் சொன்னேன். அந்தத் துண்டை யாரோ வெட்டிப் பரப்பிவிட்டார்கள். கீரிப்பாறை எஸ்டேட்டிலிருந்தும் மஸ்கட்டிலிருந்தும் ஆட்கள் போனில் பேசினார்கள். சென்னையில் ஒரு பெரிய சேனலும் பேசியது. இதே நிகழ்ச்சியைச் சனிக்கிழமை மாலையில் அவர்கள் போடுவார்களாம், நானே தொகுத்து வழங்க வேண்டுமாம். ஷாஜன் அண்ணனின் சேனல் பெயரும் வரும். கேபிளை விட்டு ஆட்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கும் நேரத்தில் அவருக்கு அது பெரிய காரியம்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் சென்னைக்குப் போய் முதல் சில வாரங்களுக்கானதைப் பேசிவிட்டு வந்தேன். உன்னைப் பார்க்க நேரமில்லை. நல்ல புடவை கட்டிவிட்டார்கள். நாம் இரண்டு பேரும் கல்லூரி முடித்து அதே ஊருக்குச் செய்தி வாசிப்புத் தேர்வுக்குப் போனதும், அங்கே ஒருவர் “மலையாளமா?” என்று கேட்டதும் நினைவுக்கு வந்தது. அன்று நான் ரயிலேறித் திரும்பிவிட்டேன். நீ அங்கேயே தங்கி, நாக்கைப் பழக்கி, சீரியல்களுக்குக் குரல் கொடுத்துப் பிழைத்துக்கொண்டாய். இந்தமுறை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. மரியாதையாக நடத்தினார்கள். சரியாகிவிட்டது என்று நினைத்தேன்.

புதுவருஷம் கழிந்து அந்தச் சென்னைச் சேனலிலிருந்து ஒரு அம்மா போன் செய்தார். “உங்க முகம், நீங்க சொல்ற விதம் எல்லாமே அருமை. பேச்சுல மட்டும் ஒரு ராகம் வருது, மத்த ஊர்க்காரங்களுக்குப் புரியாது. குரலை மட்டும் மாத்திக்கிறோம்” என்றார். ஐரினாவைப் பற்றிப் பேசியதைக் கேட்டுத்தான் என்னைக் கூப்பிட்டார்கள் என்பதை அவர் நினைத்ததாகத் தெரியவில்லை. நானும் சொல்லவில்லை. பிறகு, ஆறுதலாக இருக்கட்டும் என்று நினைத்தாரோ என்னவோ, “குரல் கொடுக்கப்போறது உங்க ஊர்ப் பொண்ணுதான், ரெஜிஷான்னு. உங்க வாயசைவு அவங்களுக்கு ஈஸியா வரும்” என்றார்.

உன்னிடம் யாருக்குக் குரல் என்று சொன்னார்களோ இல்லையோ, தெரியாது. சொல்லியும் ஒத்துக்கொண்டாய் என்றால் அது உன் தொழில். நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் நான் கேட்பது ஒன்றுதான். மறுத்துவிடு. வேறு யாராவது கொடுத்துக்கொள்ளட்டும். முன்பின் தெரியாத ஒருத்தி என்றால் எனக்கு ஒன்றும் தோன்றாது. நீ என்றால் தோன்றும்.

ஜெபிஷைக் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
பிரீனா


குளச்சல்,
பிப்ரவரி 4

அன்புள்ள ரெஜிஷாவுக்கு,

உன் கடிதம் வந்தது. என் கடிதம் கைக்கு வருவதற்குள் முதல் இரண்டு வாரத்துக்குப் பேசிக் கொடுத்துவிட்டாய் என்றும், திரையில் என் முகத்தைப் பார்த்த பிறகுதான் யாருக்கு என்று தெரிந்தது என்றும், இனிமேல் செய்யமாட்டேன் என்று அவர்களிடம் சொல்லப்போவதாகவும் எழுதியிருந்தாய். நம்புகிறேன். அதற்குப் பதில் எழுதத் தாமதித்தது கோபத்தால் அல்ல. இங்கே ஒன்று நடந்தது. அதைச் சொல்லிவிட்டுத்தான் பதில் எழுத வேண்டும் என்று இருந்தேன்.

முதல் சனிக்கிழமை எங்கள் வீடு நிறைய ஆட்கள். குரலை மாற்றியிருப்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வெட்கமாக இருந்தது. செசிலி மாமி வழக்கம்போல வாசல்படிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். வலையில் ஒரு கிழிசலை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். இசை வந்தது. என் முகம் வந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கை தட்டினார்கள். நான் வாயைத் திறந்தேன், உன் குரல் வந்தது.

சீரியல்களில் நீ கொடுப்பது வேறு குரல், அதை நானே பலமுறை கண்டுபிடித்ததில்லை. இது அப்படி இல்லை. பூசையில் பைபிள் வாசகம் வாசிப்பாயே, அந்தக் குரல். சென்னைப் பூச்சு மேலே இருந்தது. அடியில் நீதான் இருந்தாய்.

என் அம்மா திரும்பிப் பார்த்து, “இது யாருக்க சத்தமாக்கும் மக்கா, உனக்க சத்தம் இல்லியே” என்றாள். அவர்கள் குரலை மாற்றிவிட்டார்கள் என்று நான் சொல்லத் தொடங்கினேன். மாமி தலையைத் தூக்கவில்லை. “நீ கொஞ்சம் மிண்டாத இரி மக்கா, அவ பேசுதா” என்றாள்.

எல்லாரும் அடங்கிவிட்டோம். மாமியின் கை வலையிலேயே இருந்தது, ஊசி நகரவில்லை. டிவியைப் பார்க்கவும் இல்லை. நீ பேசி முடித்ததும் படம் தொடங்கியது. இத்தனை நாளும் படத்துக்காக வந்தவள், படம் தொடங்கியதும் வலையைச் சுருட்டிக்கொண்டு எழுந்து போய்விட்டாள். அழுதாளா என்று கேட்பாய். நான் பார்க்கவில்லை. படம் முடிந்து இரண்டு வார்த்தை சொல்லும் இடம் வருமே, அதற்குச் சரியாக வந்து வாசலில் நின்றாள். உட்காரவில்லை. நீ ‘வணக்கம்’ சொன்னதும், “அடுத்த சனிக்கும் உண்டா?” என்று என்னிடம் கேட்டாள். உண்டு என்றேன்.

என் முகத்தை எதிரில் வைத்துக்கொண்டு என்னைப் பேசாதே என்றது ஒரு கணம் சுருக்கென்றுதான் இருந்தது. இல்லை என்று எழுதமாட்டேன். ஐரினா எழுந்து போனதும் நினைவுக்கு வந்தது. நானும் எழுந்து போய்விடலாம், அடுத்த வாரங்களுக்குப் பேசச் சென்னைக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். ஷாஜன் அண்ணனிடம்கூட லேசாகச் சொன்னேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு, “உனக்க இஷ்டம் பிள்ள” என்றார்.

இரண்டாவது சனிக்கிழமை மாமி முன்னதாகவே வந்துவிட்டாள். கையில் வலை இல்லை. தலை சீவி, பூசைக்குப் போகும் வெள்ளைச் சேலை கட்டியிருந்தாள். வாசல்படியை விட்டு உள்ளே வந்து டிவிக்குப் பக்கத்தில், அதன் ஸ்பீக்கர் இருக்கும் பக்கமாக, உட்கார்ந்தாள். அப்படி உட்கார்ந்தால் படம் தெரியாது. அவளிடம் யாரும் அதைச் சொல்லவில்லை. அந்த வாரம் நீ ஓர் இடத்தில் லேசாக இருமியதுபோல இருந்தது. அவர்கள் வெட்டாமல் விட்டுவிட்டார்கள். “தொண்டை கட்டியிருக்கு” என்றாள் மாமி. அவள் உன் பெயரைச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. உன்னைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டோம் என்று சொல்ல முடியாது. ஆனால் பேசிக்கொண்டோம்.

மறுநாள் ஷாஜன் அண்ணனிடம் சம்மதம் என்று சொல்லிவிட்டேன். சென்னைக்கும் சொல்லியாயிற்று. ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன்: முடிவில் ‘குரல்: ரெஜிஷா’ என்று போட வேண்டும். வழக்கம் இல்லையே என்றார்கள். ஐரினாவின் நிகழ்ச்சியை இன்னொரு தடவை போட்டுப் பாருங்கள் என்றேன். இந்தச் சனிக்கிழமை முதல் போடுகிறார்கள். மாமிக்கு எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியும்.

இதை உனக்குச் செய்யும் தியாகமாக நினைத்துக்கொள்ளாதே. ஞாயிறு மதியம் இங்கே என் சத்தத்திலேயே பேசிக்கொண்டுதான் இருக்கிறேன். ஐஸ் பிளாண்டில் அதுவும் கேட்காது. சனிக்கிழமை மட்டும் என் முகம் உன் வீட்டுக்கு வாடகைக்கு. அதனால் போன கடிதத்தில் கேட்டதைத் திருப்பி வாங்கிக்கொள்கிறேன். மறுத்துவிடாதே. ஏற்கெனவே மறுத்திருந்தால், போய் மறுபடி கேள். இன்னும் ஒன்று. ‘மழை’ என்று நீ சொன்னபோது சென்னைக்காரர்கள்போல நாக்கைச் சோம்பலாக விட்டுவிட்டாய். அவர்கள் சொல்லித் தந்ததாக இருக்கும். நம்மூர் ழகரத்தை நீ விட்டுவிட்டதாக இங்கே ஒருவர் நினைத்துவிடக் கூடாது. அதை மட்டும் பழையபடி சொல்.

ஈஸ்டருக்கு வருவாயா என்று நான் கேட்கவில்லை. மாமியும் கேட்கச் சொல்லவில்லை.

நேற்றுக் கோவிலில் தொண்டைக்கு ஆசீர் கொடுக்கும் நாள். சிறுவயதில் நாமும் வரிசையில் நிற்போம், நினைவிருக்கும். சாமியார் இரண்டு மெழுகுதிரிகளைக் குறுக்காகப் பிடித்துக் கழுத்தில் வைத்துச் செபிப்பார். செசிலி மாமி எனக்கு முன்னால் நின்றாள். ஆசீர் வாங்கிக்கொண்டு போனாள். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் வரிசையின் கடைசியில் மறுபடியும் நிற்கிறாள். சாமியார் அடையாளம் கண்டு, “நீங்க இப்பதானே வாங்கினீங்க அம்மா?” என்றார். “அது எனக்கு. இது வேற ஒரு ஆளுக்கு” என்று சொல்லிக் கழுத்தை நீட்டினாள்.

உன் தொண்டை சுகமாக இருக்கட்டும். குளிர்ந்த தண்ணீர் குடிக்காதே.

உன்,
பிரீனா