நஸீஹாவை மலையேற வைத்த ராத்தாவுக்கு

என் கண்ணான ராத்தா,

எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இன்றைக்கு என்னைப் பாடம் நடத்த விடவில்லை. "டீச்சர், நஸீஹா கதை சொல்லுங்க! அந்த ஜின் வாற எடத்துல இருந்து சொல்லுங்க!" என்று ஒரே சத்தம். அது என் கூடப்பிறந்த மூத்தவர் எழுதிய கதை என்றேன். "சும்மா போங்க டீச்சர்!" என்கிறார்கள். எனக்கு வந்த பெருமையை எங்கே கொண்டுபோய் வைப்பது, சொல்லுங்கள்?

உக்குவளை வீட்டு அடுப்படியில், கைக்குழந்தையாக இருந்த பர்ஹானாவை மடியில் போட்டுக்கொண்டல்லவா அந்தத் தொடரை எழுதினீர்கள். பத்திரிகையின் இளைஞர் பக்கத்தில் வாராவாரம் வந்தது. மலைக்கு அப்பால் ஒரு ஜின். ஊர்ப் பெண்களிடம் வந்து, "என் கோட்டைக்கு வரச் சம்மதமா?" என்று கேட்பான். பயத்தில் அவர்களுக்குப் பேச்சு வராது. பேசாவிட்டால் சம்மதம் என்று தூக்கிக்கொண்டு போய்விடுவான். அப்படிப் போன தன் ராத்தாவைத் தேடி மலையேறியவள்தான் நஸீஹா.

வாப்பாவுக்கு அது வேலையற்ற வேலை. ஆனாலும் ஏலக்காய் வாங்கப் பலாபத்வல போகிறவர், மறக்காமல் பத்திரிகையோடுதான் திரும்புவார். "அந்த நாசமாப் போன ஜின் இந்தக் கிழம என்ன செஞ்சான்?" என்று போகிற போக்கில் கேட்பார்.

கடைசியில் ஓர் இளவரசன் வந்து நஸீஹாவை மீட்கட்டும் என்று பத்திரிகைக்காரர் எழுதியபோது உங்களுக்கு வந்த கோபம் இருக்கிறதே! "இவ்வளவு மலை ஏறி வந்த புள்ளைய ஒருத்தன் வந்து தூக்கிட்டு எறங்கணுமாம். அப்ப அவரே எழுதிக்கட்டும்!" என்றீர்கள். ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. ஜின் கேட்டான், நஸீஹா "இல்லை" என்றாள், கோட்டை மளமளவென்று சரிந்தது.

அது அச்சில் வந்த வாரம்தான் என் நிகாஹ். எனக்கு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு படிப்பு எதற்கு என்று மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் முடிவாகச் சொல்லிவிட்டார்கள். வாப்பா சாட்சிகளோடு உள்ளே வந்து என் சம்மதத்தைக் கேட்டார். நம் வழக்கப்படி மணப்பெண் தலையைக் குனிந்து பேசாமல் இருக்க வேண்டும், அதுவே சம்மதம். மாமி என் தோளை அமுக்கிப் பிடித்திருந்தார். நீங்கள் எதிரே நின்று என்னையே பார்த்தீர்கள்.

"நான் படிக்கப் போவேன் வாப்பா. அதுக்கு அவங்க சரின்னா எனக்குச் சம்மதம். இல்லாட்டி இல்ல."

"யா அல்லாஹ், மானம் போச்சே!" என்று மாமி தலையில் அடித்துக்கொண்டார். வாப்பா முகம் சிவந்து வெளியே போனார். கொஞ்ச நேரத்தில் முன்கூடத்திலிருந்து மாப்பிள்ளையின் குரல் கேட்டது: "படிக்கட்டுமே! டீச்சர் பொஞ்சாதி கெடச்சா எனக்கென்ன கொறச்சல்?" நீங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தீர்கள்.

வாப்பா அதன்பிறகு உங்கள் கதைகளைப் பற்றி வாயே திறக்கவில்லை. உங்களை அடக்கம் செய்த பிறகும் இல்லை. கோபம் ஆறவில்லை என்றே நினைத்திருந்தேன். நீங்களும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு போனீர்களா ராத்தா?

போன வெள்ளிக்கிழமை உங்கள் பர்ஹானாவுக்கு நிகாஹ். மச்சான் தன் மகளிடம் சம்மதம் கேட்டார். பிள்ளை தலையைக் குனிந்து பேசாமல் இருந்தாள். எல்லாரும் திரும்பி நடக்கத் தொடங்கினார்கள். சாட்சியாக வந்த வாப்பா மட்டும் கைத்தடியை ஊன்றிக்கொண்டு நகராமல் நின்றார்.

"நில்லுங்க. அவ வாயால சொல்லட்டும். இது நஸீஹாவ எழுதினவ பெத்த புள்ள."

"சம்மதம்!" என்றாள் பர்ஹானா. முற்றத்துப் பந்தலில் இருந்தவர்களுக்கே கேட்டது. வாப்பா அழுதுவிட்டார். நானும்தான்.

இனி இந்த ஊரில் எந்தப் பெண்ணிடம் சம்மதம் கேட்டாலும், அவள் பதில் சொல்லும்வரை பக்கத்தில் நிற்பேன் ராத்தா. அல்லாஹ் அறிய, இது என் வாக்கு.

என்றும் உங்கள்
வாயாடித் தங்கச்சி