சில்வண்டைத் தேடி வந்த மாமா

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. கர்த்தர் தயவில் இங்கே எல்லோரும் நடமாடுகிறோம், சாப்பிடுகிறோம், சுகம் என்றே வைத்துக்கொள், நீ அங்கே பத்திரமாக இருக்கிறாய் என்று தெரியும்வரை அந்த வார்த்தை என் வாயில் ஒட்டாது. போனில் பேசினால் சொல்ல வந்ததில் பாதி மறந்துபோகிறது, உன் அம்மா வேறு பிடுங்கிக்கொள்கிறாள், அதனால்தான் விடுமுறை முடிந்து திரும்புகிற உங்கள் அநாதை இல்லத்து நர்ஸ் அம்மா கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

முதலில் தம்பியைத் திட்டாதே. எங்களிடம் மறைத்து அவனிடம் மட்டும் சொல்லியிருக்கிறாய், அவன் வயிற்றில் எந்த ரகசியம் தங்கியிருக்கிறது? சாப்பிட உட்கார்ந்தவன், அக்கா பஸ் ஸ்டாண்டில் ஒரு ஆளோடு மல்லுக்கு நின்றாளாம் என்று உளறிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். உன் அம்மா விடுவாளா, கிண்டிக் கிளறி முழுவதையும் கறந்துவிட்டாள். எங்கள் காதுக்கு வந்தது இதுதான், பிசகு இருந்தால் திருத்து. உன் பொறுப்பில் இருக்கிற பெரிய பெண்களில் வாய் ஓயாமல் பேசுகிறவளுக்கு நீ சில்வண்டு என்று பேர் வைத்தாயே, அவள் தையல் வகுப்புக்குப் போகிற வழியில் ஒருவன் பழக்கம் பிடித்து, நான் உன் அம்மாவின் தம்பி, உனக்கு மாமா, இத்தனை வருஷமாக உன்னைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறான். விவரம் தெரியாத வயதிலேயே தாய் தகப்பனை விபத்தில் பறிகொடுத்த பிள்ளை, மாமா என்று ஒருவன் வந்து நின்றால் உருகாமல் என்ன செய்யும்? பதினெட்டு முடிந்தால் இல்லத்தை விட்டுப் போகவேண்டும் என்ற கலக்கம் வேறு. யாரிடமும் மூச்சுவிடாமல் துணிமணியைப் பையில் திணித்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். அவள் அலமாரி காலியாகக் கிடப்பதைப் பார்த்து நீ பஸ் ஸ்டாண்டுக்கு ஓடியிருக்கிறாய், அதுவும் தனியாக. அவள் பஸ் படியில் கால் வைக்கும்போது நீ நடுவில் போய் நின்று, "மாமாதானே, இவ அம்மா பேரச் சொல்லுங்க, நானே ஏத்தி விடுறேன்" என்று கேட்டாயாம். அவன் திருதிருவென்று விழித்துவிட்டு ஏதோ ஒரு பேரைச் சொன்னானாம், அதைக் கேட்டதும் அவளே கீழே இறங்கி உன் கையைப் பிடித்துக்கொண்டாளாம். இதுவரைக்கும் எனக்குப் பெருமைதான். அதற்குப் பிறகு அவன் போனை எடுத்து உன்னைப் படம் பிடித்து, "உன் மூஞ்சிய மறக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனானாமே, அதைக் கேட்டதிலிருந்து எனக்கு உயிர் ஒரு இடத்தில் இல்லை. போலீசில் எழுதிக் கொடுத்தீர்களாம், ஆள் இன்னும் அகப்படவில்லையாம். அவன் கையில் உன் படம் இருக்கிறது என்ற நினைப்பு வந்தால் சோறு இறங்கவில்லை. பணிமனையில் ஒரு பஸ்ஸைப் பழுதுபார்த்து ஸ்பேனரை இன்ஜினுக்குள்ளேயே விட்டு மூடிவிட்டேன், மேஸ்திரி கத்தின கத்தலில் மற்றவர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். உன் அம்மா முழங்காலில் நின்று ஜெபம் பண்ணுகிறாள், பாதி ஜெபத்தில் எழுந்து போனைப் பார்த்துவிட்டு வந்து மறுபடி ஆரம்பிக்கிறாள்.

அந்தப் பயத்தில்தான் வேலையை விட்டுவிட்டு உடனே கிளம்பி வா என்று உனக்குக் குரல் செய்தி அனுப்பினேன். துணி மடிக்கும்போது நீ அதைச் சத்தமாகப் போட்டுக் கேட்டிருக்கிறாய், பக்கத்தில் சில்வண்டு இருந்திருக்கிறாள். மறுநாள் உன் நம்பரிலிருந்து அழைப்பு வந்தது, எடுத்தால் உன் குரல் இல்லை. "அப்பா, அக்கா குளிக்குது, நான் பேசுது" என்றாள். உன்னிடம் கற்ற தமிழ்தான், உன் மாதிரியே அப்பா என்று கடைசியில் இழுக்கிறாள். "நான் இனிமே எங்கயும் போகாது, அக்காவ வரச் சொல்லாதீங்க" என்றாள். அதோடு அவளுக்குத் தமிழ் தீர்ந்துபோய்விட்டது, அந்த ஊர் பாஷையில் என்னென்னவோ சொல்லி அழுதாள், எனக்கு ஒரு வார்த்தை விளங்கவில்லை, போனை வைக்கவும் மனம் வரவில்லை. சரிம்மா, சரிம்மா என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். எதற்குச் சரி சொன்னேன் என்பது அவள் வைத்த பிறகுதான் உறைத்தது. உன் அம்மாவிடம் சொன்னேன், கழுவிக்கொண்டிருந்த பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டு, சொன்னது சொன்னதுதான், பிள்ளையிடம் போய் மாற்றிப் பேசாதீங்க என்றுவிட்டாள்.

ஆகவே நீ வரவேண்டாம். பயம் போய்விட்டது என்று நினைக்காதே. கடைத்தெருவுக்குத் தனியாகப் போகாதே, வகுப்புக்கு அவளை அனுப்பும்போது காவல்காரரையும் கூட அனுப்பு, தினம் ஒரே வழியில் போகவேண்டாம், போலீசுக்கு யாராவது பெரியவரைக் கூட்டிப்போய் அடிக்கடி விசாரி. எல்லோரும் உள்ளே வந்து கேட்டைப் பூட்டியதும் எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடு, போதும். அவளைக் கடிந்துகொள்ளாதே. அடுத்த விடுமுறைக்கு இல்லத்தில் அனுமதி வாங்கி அவளையும் கூட்டிக்கொண்டு வா, தம்பி கூடத்தில் படுத்துக்கொள்வான், இப்போதே முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டான்.

கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காப்பாராக, அம்மாவின் முத்தங்கள் இரண்டு பேருக்கும். மறக்காமல் என் நம்பரை அவளை மனப்பாடம் செய்ய வை. இனி எவனாவது மாமா, சித்தப்பா என்று வந்து நின்றால், "எங்க அப்பாவக் கேட்டுட்டு வர்றேன்" என்று சொல்லச் சொல்.

இப்படிக்கு,
உன் அப்பா