இடப்பக்கத்து ஸ்பிரிங்

வாலு,

நீ நலமா என்று கேட்கப்போவதில்லை. சித்தப்பாவிடம் போனில் சிரித்த சிரிப்பு கொட்டகை வரைக்கும் கேட்டது, நலம்தான். நானும் இருக்கிறேன். எழுத்து கோணலாக இருந்தால் இருக்கட்டும், கோணலாக இருப்பதை எல்லாம் நேராக்குவதுதான் உனக்குப் பழக்கமாயிற்றே, இதையும் நேராக்கிப் படித்துக்கொள்.

அப்பா தோட்டத்துக்கு பைக் மாதிரி ஏறி உட்கார்ந்து ஓட்டிய நாலு சக்கர வண்டியில் கை வைக்க உனக்கு யார் சொன்னது? போனில் வண்டியைக் காட்டச் சொன்னாய், காட்டினேன். காலி வண்டி வலப்பக்கம் சாய்ந்து நின்றது உன் கண்ணில் பட்டுவிட்டது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாயா? சித்தப்பாவிடம் பேசினாய், பட்டறைக்காரனிடம் பேசினாய், அம்மா கவிழ்ந்துவிடுவாள், ரெண்டு பக்கமும் சமமாகத் தளர்த்திவிடு என்று சொல்லியிருக்கிறாய். நான் மேட்டுத் தோட்டத்தில் கிளை வெட்டிக்கொண்டிருந்த நேரத்தில் அவன் வந்து வேலையை முடித்துவிட்டான். இறங்கி வந்து பார்த்தால் வண்டி பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நேராக நிற்கிறது. "பாப்பாதாம்மா சொல்லுச்சு, ஒரு ஸ்பிரிங் மட்டும் இறுகிக் கெடந்துச்சு, யாரோ தெரியாம பண்ணி வெச்சிருக்காங்க" என்றான். அந்த யாரோ உன் அப்பா. நடையைக் கட்டு என்றேன் அவனை.

நீ தூரம் போன பிறகுதான் அப்பாவுக்கு வலது இடுப்பு கெட்டது. உட்கார்ந்தால் மொத்த உடம்பையும் இடப்பக்கம் போட்டுத்தான் உட்காருவார், வண்டி அந்தப் பக்கமே அமுங்கி மேட்டில் இழுக்கும். அதற்காகத்தான் இடப்பக்கத்து ஸ்பிரிங்கை மட்டும் இறுக்கினோம். இறுக்கியது நான். ஸ்பிரிங்குக்கு அடியில் இருக்கிற வளையத்தைக் கொக்கி ஸ்பேனரால் கொஞ்சம் திருகுவேன், அவர் முனகிக்கொண்டே ஏறி உட்கார்ந்து பார்ப்பார், இன்னும் கொஞ்சம் என்பார், இறங்குவார், திருகுவேன், மறுபடி ஏறுவார். குதிரையேறப் பழகுகிற மாப்பிள்ளை மாதிரி இருக்கிறது என்று சிரித்தேன், ஸ்பேனரைக் கொடு, உன் வாயை இறுக்குகிறேன் என்றார். கடைசியில் போதும்டி என்றார், நிறுத்தினேன். எத்தனை தடவை திருகினேன் என்று யார் எண்ணினார்கள்? அவர் ஏறினால் வண்டி நேராகும், இறங்கினால் இடப்பக்கம் தூக்கிக்கொண்டு வலப்பக்கம் சாயும். அவர் போன பிறகும் சாய்ந்தே நின்றது, அவர் வந்து ஏறுவார் என்கிற மாதிரி.

நான் கத்துவதைக் கேட்டு உன் சித்தப்பா வந்து "அண்ணி, அது வண்டி, அண்ணன் இல்ல" என்றார். நீங்களும்தான் அண்ணன் இல்லை, போய் உங்கள் வேலையைப் பாருங்கள் என்றேன். அதிலிருந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிகிறார், திரியட்டும்.

உண்மையைச் சொல்லவா? இப்போது ஓட்டுவதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. முதுகு குலுங்கவில்லை, மேட்டில் இழுக்கவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அடக்கத்துக்கு வந்தவள் அவர் சட்டைகளை மூட்டை கட்டிக் கொடுத்தாய், செருப்பை எடுத்தாய், கட்டிலைத் திருப்பிப் போட்டாய், அம்மா பார்த்துப் பார்த்து அழக்கூடாது என்றாய். எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்தேன். வண்டியையாவது விட்டிருக்கலாம் நீ.

இருமல் நின்றதா? குளிரில் தலைக்குக் கட்டாமல் வெளியே போகாதே, என் கோபம் வேறு, உன் நெஞ்சுச்சளி வேறு. நன்றாக இரு, ரொம்ப நாள் இரு. பட்டறைக்காரனுக்கு இனிமேல் போன் போட்டாயானால் உன் போனை நான் எடுக்க மாட்டேன், ஞாபகம் இருக்கட்டும்.

இப்படிக்கு,
கோபம் ஆறாத உன் அம்மா

மடிக்கும் முன் ஒன்று. நேற்று கொக்கி ஸ்பேனரைத் தேடி எடுத்தேன். அவர் கனத்துக்கு உர மூட்டைகளை சீட்டில் இடப்பக்கமாக ஏற்றிக் கட்டிவிட்டு வளையத்தைத் திருகினேன். திருகிக்கொண்டே இருக்கிறேன், மூட்டை பேசாமல் உட்கார்ந்திருக்கிறது. எல்லாம் தெரிந்தவளே, போதும் என்று எனக்கு இனி யார் சொல்வது?