கொடுவா கவ்விய பால்சங்கு

கொடுவாக்காரரே,

இன்று மத்தியானம் புளியும் அடுப்புச் சாம்பலும் போட்டு அதைத் தேய்த்தேன். தேய்த்துத் தேய்த்துக் கை எரிந்தது. வெள்ளி பளபளவென்று வந்துவிட்டது, மீன் வாடைதான் போகவில்லை. மூக்கருகே வைத்துப் பார்த்தேன். ஆற்றுச் சேறு, மீன், அதற்கும் அடியில் உங்கள் சுருட்டு வாடை. நீங்கள் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கிறீர்கள் என்று திரும்பியும் பார்த்துவிட்டேன். கொடியில் உங்கள் காக்கிச் சட்டை ஆடிக்கொண்டிருந்தது. அதை மடித்து வைக்க எனக்கு இன்னும் மனசு வரவில்லை.

புருஷன் பேரைச் சொல்லக்கூடாது என்று வளர்த்துவிட்டார்கள். கூப்பிடுவதற்கு ஏதாவது வேண்டுமே என்று கல்யாணமான புதிதில் நான் வைத்த பேர் இது. வாரம் முழுக்க அக்கரையில், பிறை ரயில் பட்டறையில் உங்களுக்கு வேலை. ஞாயிற்றுக்கிழமையாவது பினாங்கிலே இருப்பீர்களா என்றால் அதுவும் இல்லை. பூசை முடிந்த கையோடு படகேறி அதே பிறைக்குப் போய், ஆற்று முகத்தில் நூலைப் போட்டுக்கொண்டு நிற்பீர்கள். சாயங்காலம் செவுளில் நார் கோத்த கொடுவா மீனைத் தூக்கிக்கொண்டு வருவீர்கள். "யாரு, கொடுவாக்காரரா?" என்று கதவைத் திறப்பேன். "ஆமா, அவரு பொஞ்சாதி இருக்காங்களா?" என்பீர்கள். நீங்கள் போன முப்பதாம் நாள் பூசையில் சாமியார் உங்கள் ஞானஸ்நானப் பேரைச் சொன்னபோது, வேறு யாருக்கோ பூசை நடக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

உயிர் இறாலைக் கோத்துப் போடுகிறவர்களை நீங்கள் மனுஷராகவே மதித்ததில்லை. "உசிருள்ளதக் காட்டி எவன் வேணாலும் பிடிப்பான். இல்லாத இரையக் காட்டிப் பிடிக்கணும்" என்பீர்கள். அதற்காகவே ஒரு பிஸ்கட் தகரப் பெட்டி நிறையப் பொய்யிரைகள். வெள்ளைச் சேவலின் வால் இறகு, சிவப்புத் துணிக் கீற்று, முத்துச்சிப்பித் துண்டு, காம்பு அறுத்த தேக்கரண்டி. பட்டறையில் உங்களோடு வேலை செய்யும் சவரிமுத்து நம் வீட்டுப் பாயில் அதையெல்லாம் பரப்பி வைத்துக்கொண்டு வம்புக்கு இழுப்பார்.

"அண்ணே, சேவல் எறகுக்கு மிஞ்சினது இன்னும் பொறக்கல லா."

"ஒன் எறகு நனைஞ்சா ஈரக்கோழி. கொடுவா சிரிச்சிட்டுப் போயிரும்."

"அப்ப சிப்பி?"

"வெயில் இருந்தா சிப்பி ராணி. மேகம் போட்டா விதவை."

"கரண்டியும் ஆகாதா?"

"ஆடும். ஆனா ஒரே ஆட்டம். மீனு எத்தன நாளைக்குப் பாத்துக்கிட்டிருக்கும்?"

"அப்ப எதுதாண்ணே நல்ல உம்பான்? நம்ம காலத்துக்கும் இதுதான்னு ஒன்னச் சொல்லுங்க, கேப்போம்." மலாய்க்காரர்களோடு பழகிப் பழகி, இரையை உம்பான் என்றுதான் அவர் சொல்வார்.

நீங்கள் சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு, "அது எங்கிட்ட இருக்கு. ஒனக்குத் தர மாட்டேன்" என்பீர்கள்.

அடுப்படியிலிருந்து நான் குரல் கொடுப்பேன். "ரெண்டு பேரும் அடிச்சுக்கிட்டு முடிங்க. பாசார்ல மீனு நாளைக்கும் விப்பான்." சிரித்தோம். நன்றாகத்தான் சிரித்தோம். விதவை என்று நீங்கள் வேடிக்கையாகச் சொன்னதற்கும் சேர்த்துத்தான் சிரித்தேன்.

பூசை முடிந்த அன்று சவரிமுத்து வீட்டுக்கு வந்தார். செத்தவனுடைய தூண்டில் சாமானைக் கூட்டாளிகள் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொள்வது அந்தக் கரையில் வழக்கமாம். கும்பிட்டுவிட்டுத்தான் கேட்டார். நான் பெட்டியை எடுத்து வைத்தேன். இறகு, சிப்பி, கரண்டி எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, அடியில் கிடந்த ஃபிளானல் துணிப் பையை அவிழ்த்தார். "இதான் அண்ணி! தொடவே விடமாட்டாரு. இருக்கிறதுக்கெல்லாம் ராசா இதான்" என்று உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்.

நம் பிள்ளையின் பால்சங்கு அது.

மூக்கில் ஒரு துளை, பின்னால் ஒரு துளை, அதில் தூண்டில் முள். விளிம்போரத்தில் என் அண்ணன் ஆசாரியிடம் சொல்லி வெட்டுவித்த மல்லிகைப்பூ, இதழ் தேயாமல் அப்படியே இருந்தது. தாய்மாமன் சீராக நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறி வந்த வெள்ளி. பிள்ளை போனபிறகு அவள் துணிகளோடு மரப்பெட்டிக்குள் வைத்தவள் நான். அந்தப் பெட்டியை அப்புறம் நான் திறக்கவே இல்லை. நீங்கள் திறந்திருக்கிறீர்கள்.

வாங்கிக் கையை மூடிக்கொண்டேன். "இது மட்டும் இருக்கட்டும், மத்ததெல்லாம் எடுத்துக்கங்க" என்றேன். சவரிமுத்துவுக்கு ஒன்றும் புரியவில்லை. புறப்படும்போது சொன்னார்: "எறியறதுக்கு முன்னால ஒரு தரம் ஊதுவாரு அண்ணி. மந்திரம் போடுறாருன்னு நாங்க கேலி பண்ணுவோம்."

அவர் போனபிறகு சுவரில் சாய்ந்தபடி தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். பிரசவக் காய்ச்சலில் நான் கிடந்தபோது என் பாலைக் கொடுக்கக்கூடாது என்றுவிட்டார்கள். ஆட்டுப்பாலைக் காய்ச்சி, சங்கில் ஊற்றி, ஊதி ஊதி ஆற்றிப் புகட்டியது நீங்கள். எனக்கு எழுந்து உட்காரத் தெம்பு வருவதற்குள் அவள் போய்விட்டாள்.

எப்படிக் கோபம் வந்தது தெரியுமா? அவள் வாய் வைத்த பொருளில் முள்ளைக் கோத்திருக்கிறீர்கள். அது பிடித்து வந்த மீனையெல்லாம் மஞ்சள் போட்டு அலசி, புளி கரைத்துக் குழம்பு வைத்து, ருசி பார்த்து, இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொண்டு தின்றவள் நான். ஒரு வார்த்தை சொல்லவில்லையே. சண்டை போடவாவது நீங்கள் இருக்கவேண்டாமா? அன்றிலிருந்து எனக்கு மீன் இறங்கவில்லை. மத்தியானத்தில் வீடு அடங்கினால், தகரப் பெட்டிக்குள் வெள்ளி தட்டுகிற சத்தம் கேட்கும். போய்த் திறப்பேன். அசையாமல் கிடக்கும். மூடிவிட்டு வந்தால் மறுபடியும் தட்டும்.

மார்க்கெட்டுத் தெரு ஆசாரியிடம் கேட்டேன். உருக்கிச் சிலுவையாக அடித்துத் தருகிறேன் என்றார். அவள் குழியின் மேல் பதித்துவிடலாம், கணக்குத் தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் உருக்கிவிட்டால், நீங்கள் ஏன் இப்படிச் செய்தீர்கள் என்பதும் அதோடு போய்விடும். ஒரு தரம் அது தண்ணீரில் ஓடுவதைப் பார்த்துவிட்டுக் கொடுக்கலாம் என்று சவரிமுத்துவுக்குச் சொல்லி அனுப்பினேன்.

நேற்று அவரும் அவர் பெண்சாதியும் வந்து என்னை அழைத்துப்போனார்கள். பிறைக் கரையில், ரயில் பாதைக்குப் பின்னால் இருக்கும் கருங்கல் கட்டு. நல்ல வெயில். நீங்கள் உட்காரும் கல்லில் சுருட்டு நசுக்கிய கரி இன்னும் இருந்தது. அங்கே வைத்துத்தான் சவரிமுத்துவிடம் விஷயத்தைச் சொன்னேன். நூலில் கட்ட வாங்கிய சங்கைச் சட்டென்று என்னிடமே கொடுத்துவிட்டார்.

"சத்தியமா எங்களுக்குத் தெரியாது அண்ணி. ஒங்க புள்ள பால் குடிச்ச சங்குன்னு தெரிஞ்சிருந்தா இப்படி ராசான்னு சொல்லியிருப்பனா?"

"பரவால்ல. எறிங்க."

"ஊதணுமே" என்றார், தலையைக் குனிந்துகொண்டு. "ஊதாம நான் எறிய மாட்டேன். நீங்களே ஊதுங்க."

ஊதினேன்.

அவர் வீசினார். நூலை என் கையில் கொடுத்து, மெல்ல மெல்ல இழுக்கச் சொன்னார். தண்ணீருக்குள் அது வந்தது. நீங்கள் சொன்ன கரண்டி ஆட்டம் இல்லை. ஒரு பக்கம் சாய்ந்து, பால் சிந்துகிற மாதிரி மினுங்கி, மறுபக்கம் சாய்ந்து, நின்று, மறுபடி சாய்ந்து வந்தது. காம்பு அறுத்த கரண்டிக்கு மூக்கு ஏது? இதற்கு மூக்கு இருந்தது. எல்லாவற்றிலும் இதுதான் நல்லது என்று நீங்கள் சொன்னது பொய்யில்லை. அது எனக்கே தெரிந்தது. கோபமும் இருந்தது, பார்வையை எடுக்கவும் முடியவில்லை.

அப்புறம் நூல் நின்றுவிட்டது.

வெடுக்கென்று இழுக்கவில்லை. கவ்விக்கொண்டது. நான் கொஞ்சம் இழுத்தேன், அதுவும் கொஞ்சம் இழுத்தது. சவரிமுத்து கத்தினார். "கொடுவாதான் அண்ணி! அதுக்குக் கடிக்கிற பல்லு கிடையாது, வெறும் வாயாலதான் கவ்வும். சுண்டி இழுங்க! விட்டுறாதீங்க!"

நான் சுண்டவில்லை, விடவும் இல்லை. பாயில் கிடந்தபடி பார்த்த ஒன்று கண்ணுக்குள் வந்துவிட்டது. பால் தீர்ந்தபின்னும் அவள் சங்கின் மூக்கை ஈறால் கவ்விக்கொண்டு விடமாட்டாள். நீங்கள் மெல்ல இழுப்பீர்கள், அவள் பதிலுக்கு இழுப்பாள். "இந்தா பாரு புள்ள, எங்கிட்ட சண்டைக்கு வர்றா" என்று என் பக்கம் திரும்பிச் சிரிப்பீர்கள். நான் பார்த்ததோடு சரி. பிடித்திருந்தது உங்கள் கை.

எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ தெரியாது. நூல் தளர்ந்தது. மீன் போய்விட்டது. சவரிமுத்து நூலைச் சுற்றி, முள்ளைக் கழற்றிவிட்டு, சங்கை என்னிடம் கொடுத்தார்.

ஆசாரியிடம் நான் போகப்போவதில்லை. துளையோடும் கீறலோடும் அது என் முந்தானை முடிச்சில்தான் இருக்கிறது. நடக்கும்போது இடுப்பில் இடிக்கிறது. உங்கள்மேல் கோபம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். எதற்காக இதை எடுத்துக்கொண்டு ஞாயிறு தவறாமல் அக்கரைக்குப் போனீர்கள் என்பது மட்டும் கொஞ்சம் தெரிகிற மாதிரி இருக்கிறது. அதுவும் சரிதானா என்று கேட்க, அந்தப் பிடியை அறிந்த வேறு கை இந்த ஊரில் இல்லை. நேற்றிலிருந்து என் விரல் மடங்கியபடியே இருக்கிறது.

சொல்லுங்கள், அவள் இழுத்தது இப்படித்தான் இருந்ததா?